அக்கா அனுப்பும் ஹோர்மோன் பேட்சை நான் ஒட்டலாமா?

உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்டது இப்படி. உங்களுக்கு வயது 51. மஸ்கெலியாப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றின் பிள்ளைக் காம்பராவில், அதாவது தொழிலாளர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில் வேலை. மாதவிடாய் நின்று இரண்டு வருஷம் ஆகிறது. அம்மாவுக்கு 74, முதுகு கூனி, சுவரில் மாட்டியிருக்கும் சாமிப் படத்தை நிமிர்ந்து பார்க்கவே சிரமப்படுகிறார். லண்டனில் இருக்கும் அக்கா கிழமைக்கு இரண்டு தடவை வயிற்றில் ஒரு ஹோர்மோன் பேட்ச் ஒட்டிக்கொள்கிறார். "இதை ஒட்டினால் எலும்பு தேயாது, உனக்கும் ஒரு பெட்டி அனுப்புகிறேன்" என்கிறார். வாங்கி ஒட்டலாமா என்று கேட்கிறீர்கள். கேள்வி பேட்சைப் பற்றித்தான் என்றாலும், அதற்கு அடியில் அம்மாவின் முதுகுதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அதனால் இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

கேள்வியின் கடைசியில் இரண்டு விஷயங்களைப் போகிற போக்கில் சொல்லியிருந்தீர்கள். ஒன்று, ஃபைப்ரொய்ட் கட்டிக்காக அக்காவின் கருப்பையை எடுத்து ஏழெட்டு வருஷம் ஆகிறது. உங்களுக்கு அப்படி ஒப்பரேஷன் எதுவும் நடக்கவில்லை. மற்றது, இரவில் இரண்டு மூன்று தடவை வியர்த்து விழித்துக்கொள்கிறீர்கள், "அது பரவாயில்லை". இந்த இரண்டு வரியும் இல்லாமல் கேள்வி வந்திருந்தால் எனக்கு ஒழுங்கான பதில் எழுதவே முடிந்திருக்காது.

நேரடியாகச் சொல்கிறேன்: அந்தப் பெட்டியை ஒட்டாதீர்கள். பேட்ச் கெட்ட மருந்து என்பதால் இல்லை. உங்கள் வயதுக்கும் நிலைமைக்கும் அது பொருந்தக்கூடிய மருந்துதான். ஆனால் அக்காவின் பெட்டியில் உங்களுக்கு வேண்டியதில் பாதிதான் இருக்கிறது.

நான் பெண்நோயியல் வார்டுகளிலும் கிளினிக்குகளிலும் 26 வருஷம் வேலை செய்து ஓய்வு பெற்றவள். அதில் பெரும்பகுதி மலையகத்தில்தான். எலும்பு நிபுணர் இல்லை. உங்களைப் பரிசோதிக்கவும் இல்லை, உங்கள் பிரஷரோ மார்போ எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆகவே கீழே எழுதுவதை, கிளினிக்குக்குப் போகும்போது கையில் கொண்டுபோக வேண்டிய விளக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள், மருந்துச் சிட்டையாக எடுக்க வேண்டாம்.

முதலில் அந்தப் பாதி மருந்து விஷயம். பேட்சில் இருப்பது ஈஸ்ட்ரடையோல், அதாவது சூலகம் இத்தனை வருஷமாக உற்பத்தி செய்துவந்த அதே ஈஸ்ட்ரோஜன். அது எலும்புக்கு நல்லது செய்யும். அதே நேரம் கருப்பையின் உள்சுவரையும் வளர்க்கும். மாதவிடாய் வரும் காலத்தில் புரொஜெஸ்டரோன் என்ற இன்னொரு ஹோர்மோன் வந்து அந்த வளர்ச்சியை நிறுத்தி, மாதாமாதம் உதிர்த்துவிடும். பேட்சில் ஈஸ்ட்ரோஜன் மட்டும் போய், புரொஜெஸ்டரோன் போகாவிட்டால் உள்சுவர் வளர்ந்துகொண்டே போகும். சில வருஷங்களில் அது புற்றுநோயாக மாறும் ஆபத்து பல மடங்கு கூடும். இதில் சந்தேகமே இல்லை. 1970களிலிருந்தே தெரிந்த விஷயம். அக்காவுக்குக் கருப்பை இல்லை, வளர்வதற்கு அங்கே சுவரும் இல்லை. அதனால் அவருக்கு வெறும் ஈஸ்ட்ரோஜன் பேட்ச் போதும். உங்களுக்குப் போதாது.

என்னிடம் வந்த ஒரு பெண்ணின் கதை இதேதான். வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பிய பேட்சை ஏறத்தாழ மூன்று வருஷம் ஒட்டியிருக்கிறார். இடையில் கொஞ்சம் இரத்தம் பட்டிருக்கிறது. "திரும்ப மாதவிடாய் வருகிறது, உடம்பு இளமையாகிவிட்டது" என்று சந்தோஷப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் நிற்காமல் போக ஆரம்பித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஸ்கேனில் உள்சுவர் தடித்திருந்தது; சுரண்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினோம். நல்ல காலம், புற்றுநோய் இல்லை. அதற்கு முந்தைய கட்டம். அந்த ரிப்போர்ட் வரும் வரை இருந்த இரண்டு கிழமையும் அவர் சாப்பிடவில்லை என்று மகள் சொன்னாள். மாதவிடாய் முழுதாக ஒரு வருஷம் நின்ற பிறகு ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் காட்ட வேண்டும். பேட்ச் ஒட்டினாலும் ஒட்டாவிட்டாலும் இது பொதுவானது.

சரி, கருப்பை உள்ளவர்களுக்கு என்ன செய்வது? பேட்சுடன் புரொஜெஸ்டரோன் சேர்த்துக் கொடுப்போம். இரவில் விழுங்கும் கெப்சியூலாகக் கொடுக்கலாம்; தினமும் 100 மில்லிகிராம், அல்லது மாதத்தில் 12 நாள் 200 மில்லிகிராம் என்பது வழமை. லெவோநோர்ஜெஸ்ட்ரல் (புரொஜெஸ்டரோனின் வேலையைச் செய்யும் செயற்கை மருந்து) சுரக்கும் லூப்பைக் கருப்பைக்குள் வைத்தும் அந்த வேலையைச் செய்யலாம். இரண்டு ஹோர்மோனும் ஒன்றாகச் சேர்ந்த பேட்சும் உண்டு. எது என்பதை வீ.ஓ.ஜி., அதாவது ஆஸ்பத்திரியின் பெண்நோயியல் நிபுணர் தீர்மானிப்பார். கெப்சியூல் கொஞ்சம் தூக்கம் வரவழைக்கும். இரவில் வியர்த்து விழிப்பவர்களுக்கு அது இடைஞ்சல் இல்லை.

இனி எலும்புக்கு வருவோம். எலும்பு கல் மாதிரி ஒரே நிலையில் இருப்பது இல்லை. அதற்குள் இரண்டு கூட்டம் ஓயாமல் வேலை செய்கிறது. ஒன்று பழசை உடைத்து எடுக்கும், மற்றது அந்தக் குழியில் புதிதாகக் கட்டும். தோட்டத்து ஆட்களுக்கு நான் சொல்லும் விளக்கம்: ஈஸ்ட்ரோஜன்தான் உடைக்கிற கூட்டத்துக்குக் கங்காணி. மாதவிடாய் நிற்கும்போது கங்காணி வேலையை விட்டுப் போய்விடுகிறார். உடைக்கிறவர்கள் இஷ்டத்துக்கு உடைக்கிறார்கள், கட்டுகிறவர்களால் ஈடுகொடுக்க முடிவதில்லை. நின்று முதல் ஐந்தாறு வருஷத்தில்தான் இழப்பு மிக வேகம். நூற்றுக்குப் பத்து வீதம் வரை, சிலருக்கு அதற்கும் மேல் போய்விடும். அப்புறம் வேகம் குறையும், ஆனால் நிற்காது. முள்ளந்தண்டு எலும்பு உள்ளே தேன்கூடு மாதிரி இருப்பதால் அதுதான் முதலில் அடிபடும். மணிக்கட்டும் சீக்கிரமே அடிபடும். இடுப்பு பிந்தி வரும், வந்தால் அதுதான் ஆளைச் சாய்க்கும். நீங்கள் இப்போது அந்த வேகமான காலத்துக்குள் இருக்கிறீர்கள். அக்கா சொன்னதில் அந்தளவு நியாயம் இருக்கிறது.

பேட்ச் இந்த இழப்பை நிறுத்துமா? நிறுத்தும். எலும்பின் அடர்த்தியைப் பொறுத்தவரை இது உறுதியான விஷயம். சாதாரணமாகக் கொடுக்கும் 25, 50 மைக்ரோகிராம் பேட்சுகள் மட்டுமல்ல, மிகச் சிறிய அளவும் வேலை செய்கிறது. 2004இல் வெளியான ஓர் ஆய்வில், 60 முதல் 80 வயது வரையான 417 பெண்களில் ஒரு பாதிப் பேருக்கு நாளொன்றுக்கு வெறும் 14 மைக்ரோகிராம் விடும் பேட்சும், மற்றப் பாதிக்கு மருந்தில்லாத பேட்சும் இரண்டு வருஷம் ஒட்டினார்கள். இரு சாராருக்கும் கல்சியமும் விட்டமின் டியும் கொடுத்தார்கள். மருந்துப் பேட்ச் ஒட்டியவர்களின் முள்ளந்தண்டு அடர்த்தி 2.6 சதவீதம் கூடியது, மற்றவர்களுக்கு 0.6 சதவீதம்தான். பார்க்கச் சின்ன எண்கள். ஆனால் தேய வேண்டிய வயதில் தேயாமல், கொஞ்சம் கூடவே செய்தது என்பதுதான் இங்கே கணக்கு.

அடர்த்தி கூடுவதும் முறிவு குறைவதும் ஒன்றல்ல என்று நீங்கள் கேட்டால், சரியான கேள்வி. பேட்சை மட்டும் வைத்து, ஆயிரக்கணக்கான பெண்களில், முறிவு எத்தனை குறைந்தது என்று பார்த்த பெரிய சோதனை ஆய்வு கிடையாது. நமக்கு இருப்பது குளிசையை வைத்து அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு. அதில் கருப்பை உள்ள 16,608 பெண்கள் இருந்தார்கள். 2002இல் அதை இடையில் நிறுத்தினார்கள், ஏனென்றால் மார்புப் புற்றுநோயும் பக்கவாதமும் இரத்தக்கட்டியும் கூடின. உலகமே ஹோர்மோனைக் கண்டு பயந்தது அப்போதுதான். ஆனால் அதே ஆய்வில் இடுப்பு முறிவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்பதைப் பலர் கவனிக்கவில்லை. எண்ணாகச் சொன்னால், 10,000 பெண்கள் ஒரு வருஷம் எடுத்தால் இடுப்பு முறிவு 5 குறைந்தது. மார்புப் புற்றுநோய் 8, பக்கவாதம் 8 கூடியது. அந்தப் பெண்களின் சராசரி வயது 63; கொடுத்ததும் குதிரையின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜனும், புரொஜெஸ்டரோனின் வேலையைச் செய்யும் செயற்கைப் புரொஜெஸ்டோஜனும். 51 வயதில் ஈஸ்ட்ரடையோல் பேட்ச் ஒட்டும் பெண்ணுக்கு அந்தக் கணக்கை அப்படியே பொருத்த முடியாது. நன்மையையும் அப்படியே எடுக்க முடியாது, தீமையையும் எடுக்க முடியாது. பேட்சும் முறிவைக் குறைக்கும் என்றே நான் நம்புகிறேன், ஏனென்றால் இரண்டும் ஈஸ்ட்ரோஜன்தான், எலும்பில் செய்யும் வேலையும் ஒன்றுதான். ஆனால் அது நம்பிக்கை கலந்த ஊகம் என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது.

குளிசையைவிடப் பேட்ச் மேல் என்று சொல்வதற்குக் காரணம் ஈரல். விழுங்கும் ஈஸ்ட்ரோஜன் குடலிலிருந்து நேராக ஈரலுக்குப் போகிறது. இரத்தத்தை உறையவைக்கும் புரதங்களை ஈரல் அதிகமாகச் சுரக்கிறது. தோல் வழியாகப் போகும் மருந்து அந்த வழியைச் சுற்றிக்கொண்டு நேராக இரத்தத்தில் கலக்கிறது. பிரான்ஸில் செய்த ஆய்வுகளில் குளிசை எடுத்தவர்களுக்குக் கால் இரத்த நாளத்தில் இரத்தம் கட்டுவது கூடியது, பேட்ச் ஒட்டியவர்களுக்குக் கூடவில்லை. அவை யார் எதை எடுத்தார்கள் என்று பின்னால் கணக்குப் பார்த்த ஆய்வுகள், சீட்டுக் குலுக்கிப் பிரித்துக் கொடுத்தவை அல்ல. அதனால் அடித்துச் சொல்லாமல் 'பெரும்பாலும் அப்படித்தான்' என்று சொல்கிறேன். பருமனான உடம்பு, பிரஷர், மைக்ரேன் தலைவலி உள்ளவர்களுக்கு நானும் பேட்சைத்தான் முதலில் யோசிப்பேன்.

மார்புப் புற்றுநோயில் பேட்சுக்கு அப்படிச் சலுகை இல்லை. 2019இல் உலகெங்குமுள்ள ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். 50 வயதில் தொடங்கி ஐந்து வருஷம் ஈஸ்ட்ரோஜனும் தினசரிப் புரொஜெஸ்டோஜனும் எடுக்கும் பெண்களில், அடுத்த 20 வருஷத்தில் ஏறத்தாழ 50 பேருக்கு ஒருவருக்குக் கூடுதலாக மார்புப் புற்றுநோய் வரும் என்று வந்தது. வெறும் ஈஸ்ட்ரோஜன் என்றால் 200 பேருக்கு ஒருவர். இது மேலைநாட்டுப் பெண்களின் கணக்கு. அவர்களுக்கு இந்த நோய் அடிப்படையிலேயே நம்மவர்களைவிட அதிகம். ஆகவே நமக்குக் கூடும் எண்ணிக்கை அதைவிடக் குறைவாக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்ல முடியும். உங்கள் அம்மா, சகோதரி யாருக்காவது மார்பில் புற்றுநோய் வந்திருந்தால் அதை வைத்தியரிடம் முதல் வசனமாகச் சொல்லுங்கள்.

இப்போது அந்தப் "பரவாயில்லை". மஸ்கெலியாக் குளிரில், கம்பளியை உதறிவிட்டு நடுச்சாமத்தில் எழுந்து உட்கார்ந்து, ஜாக்கெட் நனைந்து, பிறகு அந்த ஈரத்திலேயே நடுங்கி, விடிய எழுந்து பிள்ளைகளைப் பார்க்கப் போவது பரவாயில்லை ஆகாது. நம் பெண்கள் இதை வாய்விட்டுச் சொல்வதே குறைவு; தூக்கமில்லை, தலை சுற்றுகிறது, கோபம் வருகிறது என்றுதான் வருவார்கள், தோண்டிக் கேட்டால்தான் வியர்வை வெளியே வரும். ஹோர்மோன் சிகிச்சைக்கு மிக உறுதியான காரணம் இதுதான். இரவு வியர்வையைக் குறைப்பதில் ஹோர்மோனுக்கு நிகரான மருந்து இல்லை. வியர்வைக்காக ஒட்டினால் எலும்பும் சேர்ந்தே காப்பாற்றப்படும். எலும்புக்காக மட்டும் ஒட்டலாமா என்பதில்தான் பெரியவர்களுக்குள்ளேயே இழுபறி. அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2022இல், பிற்காலத்து முறிவு, நோய்களைத் தடுப்பதற்காக மட்டும் ஹோர்மோன் வேண்டாம் என்றது. அதே வருஷம் வட அமெரிக்க மெனோபோஸ் சங்கம், 60 வயதுக்குக் கீழே அல்லது மாதவிடாய் நின்று 10 வருஷத்துக்குள் இருப்பவர்களுக்கு, வேறு தடை இல்லாவிட்டால், தொல்லை தரும் வியர்வைக்கும் எலும்பு இழப்பைத் தடுப்பதற்கும் நன்மையே கூடுதல் என்றது. நான் இரண்டாவது பக்கம் சாய்கிறவள், வியர்வையும் இருக்கும்போது. வியர்வையே இல்லாமல் எலும்பு பயம் மட்டும் என்றால் அவசரப்பட மாட்டேன், முதலில் அளந்து பார்க்கச் சொல்வேன்.

ஒரு விதிவிலக்கு உண்டு. 40 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றவர்கள், சூலகம் இரண்டையும் இளமையிலேயே எடுத்தவர்கள் இதைப் படித்தால்: உங்களுக்கு இந்த இழுபறி பொருந்தாது. தடை எதுவும் இல்லாவிட்டால், இயல்பாக நிற்கும் வயது வரை, ஏறத்தாழ 50 வரை ஹோர்மோன் எடுப்பதுதான் முறை. பயந்து விடாதீர்கள்.

அளப்பதற்கு டெக்ஸா என்ற ஸ்கேன் இருக்கிறது. படுக்கவைத்து இடுப்பையும் முள்ளந்தண்டையும் சில நிமிடத்தில் எடுப்பார்கள், வலி இல்லை. டி-ஸ்கோர் (இளம் வயதினரின் எலும்பு அடர்த்தியோடு ஒப்பிடும் எண்) மைனஸ் 1 வரை சாதாரணம், மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே என்றால் எலும்புத் தேய்வு நோய். நம் பக்கத்தில் கண்டிக்கோ கொழும்புக்கோ போக வேண்டியிருக்கும், ஒரு நாள் பேரும், அதாவது அன்றைய சம்பளமும் போகும். ஸ்கேன் இல்லாமலேயே ஃப்ரக்ஸ் என்ற கணக்கில் வயது, எடை, பெற்றோருக்கு இடுப்பு முறிந்ததா, புகை, ஸ்டீரொய்ட் குளிசை போன்றவற்றைப் போட்டு அடுத்த 10 வருஷத்தில் முறிவு வரும் வாய்ப்பைப் பார்க்கலாம். இலங்கைக்கென்றே அதில் ஒரு பகுதி இருக்கிறது. மூச்சு இழுப்புக்காக ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீரொய்ட் குளிசையை அடிக்கடி குடிப்பவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். முழங்கால் வலிக்குப் பேர் தெரியாத குளிசைப் பொட்டலம் வாங்கிச் சாப்பிடுகிறவர்களும் சொல்ல வேண்டும், அதற்குள் ஸ்டீரொய்ட் இருக்கக்கூடும்.

பேட்ச் தொடங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவற்றில் பாதி உங்கள் பக்கத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்தின் பெண்களுக்கான வெல் வுமன் கிளினிக்கில் பிரஷர், சீனி, மார்பு, கருப்பைக் கழுத்து எல்லாம் பார்ப்பார்கள். மிட்வைஃபிடம் கேட்டால் அடுத்த திகதியைச் சொல்வார். வெட்கப்பட்டுப் போகாமல் விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அங்கிருந்து டிக்கோயா ஆதார வைத்தியசாலை வீ.ஓ.ஜி. கிளினிக்குக்குக் கடிதம் வாங்கலாம். மார்புப் புற்றுநோய் வந்தவர்கள், காரணம் தெரியாத இரத்தப்போக்கு உள்ளவர்கள், ஈரல் நோய் முற்றியவர்கள், பக்கவாதம் அல்லது மாரடைப்பு வந்தவர்கள் ஆகியோருக்கு ஹோர்மோன் கொடுப்பதில்லை. காலிலோ நுரையீரலிலோ இரத்தம் கட்டியவர்களுக்கு நிபுணர் பார்க்காமல் கொடுப்பதில்லை.

கொடுத்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். பேட்ச் பெட்டிக்குள் இருக்கும் தாளில், தொப்புளுக்குக் கீழே அல்லது பின்புறத்தில், இடுப்புப் பட்டி உரசாத இடத்தில் ஒட்டச் சொல்லியிருக்கும். அதை எழுதியவர் படங்கு கட்டிய பெண்ணைப் பார்த்திருக்க மாட்டார். கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறவர்கள் இடுப்பைச் சுற்றிப் படங்கை (தடித்த விரிப்பை) கட்டி, கயிற்றால் இறுக்கி, நாள் முழுக்கத் தேயிலைச் செடிக்குள் நுழைந்து நடந்தால், வயிற்றில் ஒட்டியது மத்தியானத்துக்குள் சுருண்டு வந்துவிடும். அவர்களுக்கு நான் பின்புறத்தின் மேற்பகுதி, கயிற்றுக்கு நாலு விரல் கீழே என்று காட்டுவேன். உங்களுக்குப் படங்கு இல்லை, பாவாடை நாடா இருக்கிறது. நாடாவின் தடம் விழும் இடத்தை விட்டுவிடுங்கள். குளித்துத் துடைத்து, தோல் நன்றாகக் காய்ந்த பிறகு ஒட்டி, உள்ளங்கையால் பத்து விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் பூசிய தோலில் ஒட்டாது. பீலித் தண்ணீரில் குளிப்பதால் விழாது, ஆனால் அந்த இடத்தைப் பீர்க்கங்கூடால் தேய்க்க வேண்டாம். ஒவ்வொரு தடவையும் இடத்தை மாற்றுங்கள், மார்பில் ஒருபோதும் ஒட்டக் கூடாது. சிலருக்குச் சிவந்து அரிக்கும். கழற்றியதை ஒட்டும் பக்கம் உள்ளே வர மடித்து எறியுங்கள். அதில் மருந்து மிச்சம் இருக்கும், பிள்ளைகள் எடுத்துக் கையில் ஒட்டி விளையாடுவார்கள். பிள்ளைக் காம்பராவில் இருக்கும் உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பார்சலை நம்பி இந்தச் சிகிச்சையைத் தொடங்க வேண்டாம் என்று சொல்வதற்கு இன்னொரு காரணம்: பேட்சை நிறுத்தினால் எலும்பு இழப்பு திரும்பத் தொடங்கும். கங்காணி மறுபடி போய்விட்டார் என்று அர்த்தம். மூன்று மாதம் ஒட்டி, அக்கா அனுப்பப் பிந்தி இரண்டு மாதம் விட்டு, பிறகு ஒட்டுவதில் பிரயோசனம் இல்லை. நம் ஊர்ப் பார்மசிகளில் பேட்ச் தேடிப் பிடிக்க வேண்டிய பொருள், விலையும் கையைக் கடிக்கும். தொடர்ந்து கிடைக்குமா என்று கேட்டு, கிடைக்காவிட்டால் ஜெல்லா குளிசையா என்று வைத்தியரோடு பேசித் தொடங்குங்கள். எலும்பைப் பொறுத்தவரை குளிசையும் அதே வேலையைச் செய்யும். வித்தியாசம் நான் சொன்ன அந்த ஈரல் வழியில்தான்.

ஸ்கேனில் மைனஸ் 2.5 தாண்டியிருந்தாலோ ஏற்கெனவே முள் எலும்பு நொறுங்கியிருந்தாலோ பேச்சு அலெண்ட்ரோனேட் என்ற எலும்பு மருந்தின் பக்கம் திரும்பும். கிழமைக்கு ஒரு நாள் 70 மில்லிகிராம் குளிசை. மலிவானது, முறிவைக் குறைக்கும் என்பதற்கு நேரடிச் சான்று உள்ளது. எடுக்கும் முறைதான் கறாரானது: காலையில் வெறும் வயிற்றில், ஒரு கிளாஸ் பச்சைத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்கவும் கூடாது, சாப்பிடவும் கூடாது, பிளேன்டீயும் கூடாது. பெரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் கூடும் இடத்துக்கு) ஓடுகிறவர்களுக்கு அந்த அரை மணி பெரிய சங்கடம், அதனால் ஞாயிற்றுக்கிழமையை வைத்துக்கொள்ளச் சொல்வேன். அதையும் ஆயுள் முழுக்க எடுப்பதில்லை. ஐந்து வருஷத்தில் மீண்டும் யோசிப்பார்கள். 51 வயதில் தொடங்கினால் 56இல் என்ன செய்வது என்ற கேள்வி வரும். 50களில் ஹோர்மோன், 60களில் இந்தக் குளிசை என்று வரிசைப்படுத்தும் வைத்தியர்கள் உண்டு. அது எனக்கும் பிடித்த வழி.

சாப்பாட்டைப் பற்றி நீண்ட உபதேசம் செய்ய விருப்பமில்லை. ஒரு நாளைக்கு 1,000 முதல் 1,200 மில்லிகிராம் கல்சியம் வேண்டும். ஒரு கப் பாலில் ஏறத்தாழ 300 இருக்கிறது. முள்ளோடு மென்று தின்னும் நெத்தலிக் கருவாடு, குரக்கன் ரொட்டி, முருங்கைக் கீரை எல்லாம் சேரும். கோதுமை மா ரொட்டியும் சம்பலும் மட்டும் என்றால் பாதிகூட வராது. மிச்சத்துக்குத்தான் கல்சியக் குளிசை. அளவுக்கு மீறி விழுங்கினால் சிறுநீரகக் கல் வரும். பனியும் மேகமுமான இடத்தில், ஸ்வெட்டரும் தலைத்துண்டுமாக இருப்பவர்களுக்கு விட்டமின் டி குறையலாம், கிளினிக்கில் கேளுங்கள். தேத்தண்ணி எலும்பை உருக்கும் என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். பயப்பட வேண்டாம், குடியுங்கள். பால் போட்டுக் குடித்தால் இன்னும் நல்லது. கல்சியமும் விட்டமினும் மட்டும் மாதவிடாய் நின்ற முதல் வருஷங்களின் வேகமான இழப்பை நிறுத்தாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

கடைசியாக உங்கள் அம்மா. "கூடை சுமந்து கூன் விழுந்தது" என்று எழுதியிருந்தீர்கள். லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், நானும் ஆரம்பத்தில் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்திருக்கிறேன். ஆனால் அதே கூடையைச் சுமந்த எத்தனையோ பேர் 70 வயதிலும் நிமிர்ந்து நடக்கிறார்கள். மாதவிடாய் நின்ற பிறகு வந்த கூன், அதோடு உயரமும் குறைந்தால், முள் எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக நசுங்கியிருக்கின்றன என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். விழாமலேயே, குனிந்து ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கும்போதுகூட அது நசுங்கும். நாரிப்பிடிப்பு என்று தைலம் தேய்த்துவிட்டு மறந்துவிடுவார்கள். அம்மாவின் சேலையைப் பாருங்கள். முன்பு கணுக்காலில் நின்ற அதே சேலை இப்போது தரையில் இழுபடுகிறதா, கொசுவத்தை இரண்டு மடிப்புக் கூட்டிச் சொருகுகிறாரா? முன்பு எட்டிய அடுக்களைப் பலகை இப்போது எட்டவில்லையா? இளமையில் இருந்ததைவிட நாலு சென்டிமீட்டருக்கு மேல் குறைந்திருந்தால் முதுகு எக்ஸ்ரே எடுக்க வேண்டும், அது டிக்கோயாவிலேயே முடியும்.

74 வயதில் புதிதாக ஹோர்மோன் பேட்ச் தொடங்க மாட்டோம். அந்த வயதில் பக்கவாத ஆபத்து நன்மையை விழுங்கிவிடும். ஆனால் எக்ஸ்ரேயில் நசுங்கல் தெரிந்தால், உங்கள் வீட்டில் இப்போது அவசரமாக மருந்து வேண்டியவர் நீங்கள் இல்லை, அவர்தான். ஒரு முள் நசுங்கியவருக்கு அடுத்தது நசுங்கும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். அலெண்ட்ரோனேட், அல்லது அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார முடியாதவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை ஏற்றும் சொலெட்ரோனிக் அசிட் என்று வழி இருக்கிறது. அதற்கு முன் சிறுநீரகத்துக்கு ஓர் இரத்தப் பரிசோதனை செய்வார்கள். லயத்து வாசற்படியில் பாசி பிடித்திருந்தால் இன்றைக்கே சுரண்டிவிடுங்கள், இரவில் வெளிக் கக்கூசுக்குப் போக அவர் கையில் ஒரு டோர்ச் கொடுங்கள், தேய்ந்த ரப்பர் செருப்பை மாற்றுங்கள். இடுப்பு முறிவு பெரும்பாலும் விழுவதால்தான் வருகிறது.

அக்காவிடம் பெட்டியை அனுப்பாமல், அதன் பெயரும் மைக்ரோகிராம் அளவும் தெரியும்படி ஒரு படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். கிளினிக்குக்குப் போகும்போது அந்தப் படத்தையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.